சிங்கம் நத்தையான கதை (எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து)

*சனிக்கிழமை*

அக்கா: இஞ்சு டேப்போடு உட்கார்ந்தாயிற்று. மாறுவேடத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான். மகள் வண்ணத்துப்பூச்சி, மகன் சிங்கம். கடையில் வாங்க மாட்டேன், நானே தைப்பேன் என்று வாய்விட்டுவிட்டேன், இனிப் பின்வாங்கினால் மானம் போய்விடும். யார் யார் உதவிக்கு வருகிறீர்கள்?

அண்ணி: வெட்டித் தருகிறேன், மெஷினில் மட்டும் உட்காரச் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டுப் பெரியவள் தன்னுடையதைத் தானே தைத்துக்கொள்வாளாம். பத்து வயது ஆகிவிட்டதாம்.

நான்: அக்கா, போன வருடச் சிங்கத்தை மட்டும் மறுபடி தைக்காதே. கழுத்திலிருந்து கால் வரை ஒரே உடுப்பு, ஜிப் முதுகில். பார்க்க அவ்வளவு அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குழந்தை பாத்ரூம் வாசலில் நின்று குதிக்கிறான், நாம் மூன்று பேர் ஜிப்பைத் தேடுகிறோம், தேடிப் பிடித்தால் அதில் பிடரி மயிர் மாட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. அப்புறம் நடந்ததை இங்கே எழுத வேண்டாம்.

அண்ணன்: எழுதலாம். அவனுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.

அக்கா: 🙏 விட்டுவிடு.

சித்தி: நான் சொல்வதைக் கேள். உள்ளே சாதாரண டி-ஷர்ட்டும் லெக்கிங்ஸும் போட்டுவிடு. வேஷம் எல்லாம் அதற்கு மேலேதான், துண்டு துண்டாக. வாலை இடுப்புப் பட்டியில் தை, பிடரியைத் தொப்பியில் தை. ஒவ்வொன்றையும் குழந்தையே கழற்றவும் மாட்டவும் முடிய வேண்டும். உட்கார முடிகிறதா, ஓட முடிகிறதா, கையைத் தலைக்கு மேலே தூக்க முடிகிறதா என்று பார். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் ஜரிகையும் மணியும். நீ எப்போதும் ஜரிகையில் ஆரம்பிக்கிறாய்.

அக்கா: சரி சித்தி. 😐

சித்தி: அளவை அந்த உள்ளாடைகளோடு சேர்த்தே எடு. வெறும் உடம்பில் எடுத்துவிட்டு அன்றைக்கு டி-ஷர்ட்டுக்கு மேலே மாட்டினால் அக்குளில் பிடிக்கும். கீழே ஓரம் 5 செ.மீ. மடித்து வை, அடுத்த வருடம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். பருத்தித் துணி என்றால் வெட்டுவதற்கு முன்னாலேயே ஒரு தடவை துவைத்துவிடு, சுருங்குவது இப்போதே சுருங்கட்டும்.

அம்மா: அந்தப் பழைய மஞ்சள் டி-ஷர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிடரி மயிருக்கு அதுதான். 2 செ.மீ. அகலத்தில் நீள நீளமாக வெட்டி இரண்டு முனையையும் பிடித்து ஒரு இழு இழுத்தால் தானாகச் சுருண்டுகொள்ளும். பின்னல் துணி என்பதால் பிசிறும் வராது.

*ஞாயிற்றுக்கிழமை*

அக்கா: ஒரு பெரிய தப்பு நடந்துவிட்டது. யாரும் சிரிக்கக் கூடாது.

அண்ணன்: சிரிக்கவில்லை. சொல்.

அக்கா: வண்ணத்துப்பூச்சிக்கு வட்டப் பாவாடை. சித்தி சொன்ன கணக்குத்தான். எலாஸ்டிக் வைத்த பாவாடை இடுப்பெலும்பைத் தாண்டி ஏற வேண்டும், அதனால் அதன் சுற்றளவு 60, தளர்வுக்கு 4, மொத்தம் 64 செ.மீ. அதை 6.28 ஆல் வகுத்தால் 10 செ.மீ. சொச்சம். துணியை நாலாக மடித்து, மடிப்பு மூலையிலிருந்து டேப்பைச் சுழற்றிச் சுழற்றிப் புள்ளி வைத்து வெட்ட வேண்டும். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் 10 என்பது மூலையிலிருந்து அளக்கிற அளவு என்பதை மறந்து, விட்டம் 20 என்று மனசுக்குள் போட்டுக்கொண்டு, 20 செ.மீ. தள்ளி வெட்டிவிட்டேன்.

அண்ணி: அப்படியானால் ஓட்டை...

நான்: 126 செ.மீ. வருகிறது.

அண்ணன்: அதில் நானே நுழைந்துவிடுவேன்.

அக்கா: நீ நுழைந்து பார்த்து, போட்டோ வேறு அனுப்பினாயே, அதை முதலில் நீக்கு.

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

சித்தி: பதறாதே, துணி எங்கேயும் போய்விடவில்லை. மெஷினில் தையல் நீளத்தை முழுசாகக் கூட்டி வைத்து, ஓட்டையைச் சுற்றி இரண்டு வரி பெரிய தையல் ஓட்டு. முனையில் நூலை விட்டு வை. இரண்டு வரியிலும் அடியில் வருகிற பாபின் நூலை மட்டும் சேர்த்துப் பிடித்து இழுத்தால் துணி கொசுவிக்கொண்டு வரும். 64க்கு வந்ததும் பட்டி வைத்து அடி. இப்போது அது பாவாடை இல்லை, அதன் மேலடுக்கு. நீளம் குறைந்திருக்கும் இல்லையா, அடியில் நெட் துணி கொடுத்துவிடு. நெட்டுக்கு ஓரம் மடிக்கவே தேவையில்லை, நூல் பிரியாது. சாட்டினுக்கு அந்தக் குணம் கிடையாது, பார்க்கப் பார்க்கப் பிசிறு கக்கும், வெட்டின உடனே ஜிக்ஜாக் ஓட்டிவிடு.

அக்கா: சாட்டின் மெஷினில் வழுக்கிக்கொண்டே போகிறது சித்தி. மேல் துணி ஒரு பக்கம், அடித் துணி ஒரு பக்கம்.

சித்தி: ஊசி மாற்றினாயா? 

அக்கா: ...

சித்தி: புது ஊசி, 11ஆம் நம்பர். துணிக்கு அடியில் மெல்லிய காகிதம் வைத்துச் சேர்த்துத் தை, அப்புறம் கிழித்துவிடலாம். குண்டூசியைத் தையல் கோட்டுக்கு வெளியே, ஓரத்திலேயே குத்து. நடுவில் குத்தினால் சாட்டினில் தடம் அப்படியே நிற்கும்.

*செவ்வாய்க்கிழமை*

அக்கா: சின்னவன் சிங்கம் வேண்டாம் என்கிறான்.

நான்: பிடரி முடிந்துவிட்டதே! நேற்று இரவு உட்கார்ந்து அறுபத்து மூன்று கீற்று தைத்தேனே!

அக்கா: நத்தையாம். தோட்டத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டான். வீட்டை முதுகிலேயே தூக்கிக்கொண்டு போகிறது அம்மா என்று காலையிலிருந்து இதே பேச்சு.

அம்மா: பாவம் குழந்தை ஆசைப்படுகிறான், செய்து கொடுங்கள்.

நான்: அம்மா, அறுபத்து மூன்று.

அண்ணி: அந்தப் பிடரியை எங்கள் பெரியவளுக்குக் கொடுத்துவிடுங்கள், அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். விண்வெளி வீரர் உடையில் மூன்று நாளாக ஒரே கையில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். வாலை அவளே தைக்கட்டும், அவளுக்கும் தைத்த பேர் வரும்.

அண்ணி: சின்ன அத்தை, நத்தைக்கு முதுகு ஓடு எப்படிச் செய்வது? அட்டைப்பெட்டியில் வெட்டலாமா?

சித்தி: அட்டை வேண்டாம், உட்காரும்போது முதுகில் குத்தும். பழைய படுக்கை விரிப்பில் 2 மீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டு. ஒரு முனை 26 செ.மீ. அகலம், மறுமுனை 10, யானைத் தும்பிக்கை மாதிரி சிறுத்துக்கொண்டே போக வேண்டும். உள்பக்கம் வெளியே தெரிய நீளவாக்கில் மடித்துத் தைத்து, புரட்டிப்போட்டு, தலையணைப் பஞ்சு அடைத்து, சின்ன முனையிலிருந்து ஜமுக்காளம் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக்கொண்டே வந்து கையாலேயே இணைத்துவிடு. பெரிய சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் அகலமாக வரும்.

நான்: முதுகில் எப்படி நிற்கும்?

சித்தி: கிழிந்த ஸ்கூல் பை ஏதாவது இருக்குமே, அதன் தோள்பட்டை இரண்டையும் வெட்டி எடுத்துக்கொள். தடித்த ஃபெல்ட் துணியில் வட்டம் வெட்டி அதில் பட்டைகளைத் தைத்து, அதன் மேல் ஓட்டை வைத்துத் தை. பை மாட்டத் தெரிந்த பிள்ளைக்கு ஓடு மாட்டத் தெரியாதா?

அண்ணன்: சித்தி 👏👏

*வியாழக்கிழமை இரவு*

நான்: இரண்டு மீட்டர் குழாயைப் புரட்டுவது இருக்கிறதே! ஒரு மணி நேரம். சின்ன முனையில் கட்டை விரல்கூடச் சரியாக நுழையவில்லை. கடைசியில் முனையில் நூல் கட்டி, நூலை உள்ளே விட்டு, மறுபக்கத்திலிருந்து இழுத்தேன்.

நான்: அடைப்பது அதைவிடக் கஷ்டம். காலுறை மாட்டும்போது சுருட்டி வைத்துக்கொள்வோம் இல்லையா, அதே மாதிரி முழுக் குழாயையும் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, ஒரு பிடி பஞ்சு, ஸ்கேலால் ஒரு தள்ளு, இரண்டு விரற்கடை இறக்கு, மறுபடி ஒரு பிடி. முதலில் கெட்டியாக அடைத்தேன், அது வளையவே இல்லை, மலைப்பாம்பு மாதிரி விறைத்துக்கொண்டு மேஜையில் கிடந்தது. பாதியைப் பிடுங்கின பிறகுதான் சுருண்டது.

அம்மா: கண்ணுக்குக் கெடுதி, படுத்துத் தூங்கு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா: வண்ணத்துப்பூச்சிச் சிறகு முடிந்தது. கம்பி வைக்கவில்லை. துணிச் சிறகுதான், மணிக்கட்டில் எலாஸ்டிக் வளையம், கையை விரித்தால் விரியும். கம்பி வைத்தால் பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் குத்துவாள், எனக்கு அவளைத் தெரியும். கழுத்தில் கட்டிக்கொள்ள ரிப்பன் வைத்திருக்கிறேன்.

சித்தி: கழுத்தில் ரிப்பனா? உடனே எடு. ஓடும்போது கதவுக் கொண்டியிலோ சறுக்குமரத்திலோ மாட்டினால் இறுக்கிவிடும்.

அண்ணி: ஆமாம், ஐரோப்பாவில் 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் உடுப்பில் கழுத்துப் பக்கம் இழுகயிறே வைக்கக் கூடாது என்று தரவிதியே இருக்கிறது.

சித்தி: தோளில் இரண்டு பக்கமும் வெல்க்ரோ வை. யாராவது இழுத்தால் கையோடு வந்துவிட வேண்டும். சொரசொரப்பான பக்கம் உடம்பைப் பார்க்காமல் வெளியே பார்க்கட்டும், இல்லாவிட்டால் கழுத்தைப் பிராண்டும். நெட் இருக்கிறது, மெழுகுவர்த்தி, அடுப்பு பக்கம் போகாமல் பார்த்துக்கொள்.

அண்ணன்: வெல்க்ரோ கதை தெரியுமா? ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்று சுவிட்சர்லாந்து இன்ஜினீயர், 1941இல் நாயோடு வேட்டைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் நாய் மேலெல்லாம் முள்விதை ஒட்டியிருந்ததாம். அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது நுனியெல்லாம் கொக்கி.

நான்: அண்ணா, இரவு பதினொன்றரை. பொத்தான் தைக்க வருகிறாயா, இல்லையா?

அண்ணன்: குட் நைட்.

*ஞாயிற்றுக்கிழமை*

அக்கா: ஒத்திகை முடிந்தது. நத்தை உட்கார்ந்தது, ஓடியது, சோபாவிலிருந்து குதித்தது. ஹேர்பேண்டில் வைத்த கொம்பு இரண்டு தடவை விழுந்தது, நடு பாகத்துக்கு ஃபெல்ட் சுற்றித் தைத்த பிறகு நிற்கிறது.

நான்: பாத்ரூம்?

அக்கா: அதைத்தான் சொல்ல வந்தேன். நடுவில் "இருங்கள்" என்றான். ஓட்டைக் கழற்றிக் கதவுக்கு வெளியே சாய்த்து வைத்துவிட்டுப் போனான். வந்து தானே மாட்டிக்கொண்டான். நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன், அவ்வளவுதான்.

சித்தி: 😊 மத்தியானம் கொண்டுவா, பட்டையில் இன்னொரு தையல் ஓட்டித் தருகிறேன்.

அக்கா: மத்தியானம் முடியாது சித்தி, ஓட்டின் மேலேயே படுத்துத் தூங்குகிறான். வாய் வேறு திறந்திருக்கிறது, எச்சில் எல்லாம் அதில்தான்.

அண்ணி: பெரியவள் வாலைத் தைத்துவிட்டாள், ஆனால் தன் பாவாடையோடு சேர்த்துத் தைத்துவிட்டாள், எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். தையல் பிரிக்கிற கருவி யார் வீட்டில் இருக்கிறது?