மறு: சிவப்புக் காரீயமும் நைட்ரிக் அமிலமும் – வினைக்கு என்ன பெயர்?

வணக்கம்,

சிவப்புக் காரீயம் (காரீயத்தின் ஆரஞ்சுச் சிவப்பு ஆக்சைடு) நைட்ரிக் அமிலத்தோடு புரியும் வினைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்குக் காட்பாடி அண்ணன் சொன்ன "ஆக்சிஜனேற்றக் கரைப்பு" காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. நைட்ரிக் அமிலம் ஆக்சிஜனேற்றும் அமிலம், சரி. அதற்காக அது தொட்டதெல்லாம் ஆக்சிஜனேற்றம், அதாவது எலக்ட்ரான் இழப்பு, ஆகிவிடுமா? செம்புத் துண்டைப் போட்டால் குப்பென்று பழுப்புப் புகை கிளம்பும். சிவப்புக் காரீயத் தூளை நீர்த்த அமிலத்தில் கொட்டி இளஞ்சூட்டில் கிளறிப் பாருங்கள், புகையே வராது. ஆரஞ்சுச் சிவப்பு மங்கிக்கொண்டே போய் சாக்லேட் பழுப்பாகும், வடிகட்டினால் அந்தப் பழுப்பு தாளில் தங்கிவிடும், கீழே இறங்குவது நிறமில்லாத தெளிந்த கரைசல், அதில் இரண்டு சொட்டு பொட்டாசியம் அயோடைடு விட்டால் பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு, காரீயம் கரைந்திருப்பதற்கு அடையாளம்.

காரணம் எளிது. சிவப்புக் காரீயத்தில் 3 காரீய அணுக்களில் 2 அணுக்கள் முதலிலேயே +2 ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கின்றன, 1 அணு +4 நிலையில். அமிலம் +2 பங்கை நைட்ரேட்டாக இழுத்துக்கொள்கிறது, +4 பங்கு அந்தப் பழுப்பு டைஆக்சைடாக நிற்கிறது. யாருடைய ஆக்சிஜனேற்ற எண்ணும் மாறவில்லை. அமிலம் இங்கே வெறும் அமில வேலைதான் பார்த்தது.

நகைப் பட்டறையில் திராவகத்தில் (நைட்ரிக் அமிலத்தில்) வெள்ளி கரைந்து தங்கம் நிற்பதும் இதுதானே என்று வாலாஜா நண்பர் கேட்டிருந்தார். பார்வைக்கு அப்படித்தான். ஆனால் அங்கே வெள்ளி 0 நிலையிலிருந்து +1 ஆகிறது, அசல் ஆக்சிஜனேற்றம். அண்ணன் சொல்லை அங்கே தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

"கரைப்பு" என்பதிலும் சிக்கல் இருக்கிறது. அதே தூளை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டாலும் இதே பிரிப்புதான், ஆனால் +2 பங்கு வெள்ளைக் காரீய சல்பேட்டாக அங்கேயே படிந்துவிடும், கரையவே கரையாது. பேட்டரிக் கடையில் பழைய பிளேட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த வெள்ளையும் பழுப்பும் நன்றாகத் தெரியும்.

அதனால் என் பரிந்துரை "அமிலப் பிரிவினை". பிரி + வினை என்று வினைத்தொகையாகவும் படிக்கலாம், அண்ணன் தம்பி சொத்து பிரிக்கிற பிரிவினையாகவும் படிக்கலாம், இருந்ததைத்தானே பிரிக்கிறோம், புதிதாக எதுவும் சேர்க்கவில்லை. வாக்கியத்திலும் சிரமமில்லாமல் வரும்: "தூளை அமிலத்தால் பிரித்தோம்". பத்திரிகைக்காரர்கள் அரசியல் பிரிவினையோடு குழப்புவார்கள் என்றால் முன்னால் "அமில" இருக்கிறதே, போதும்.

அப்புறம், தயவுசெய்து வெறும் "ஈயம்" வேண்டாம். வேலூர்ப் பக்கம் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது வெள்ளீயம். கலைச்சொல்லில் காரீயம் என்றே எழுதுவோம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு அந்தப் பழுப்பையும் கரைப்பார்களே, அது ஒடுக்கம் (ஆக்சிஜனேற்றத்துக்கு நேர் எதிர்), +4 இறங்கி +2 ஆகிறது. அதையும் இந்தப் பெயருக்குள் இழுக்காதீர்கள்.