வெப்ப இறைப்பி: ஒரு கலைச்சொல் முன்மொழிவும் அதற்கான காரணங்களும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டை வெப்பமூட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது குறித்த கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். அதில் ஒரு கருவியின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் என்னைத் தடுத்து நிறுத்துகிறது. வெளிக்காற்றிலிருந்தோ மண்ணிலிருந்தோ வெப்பத்தை எடுத்து, வீட்டுக் குழாய்களில் ஓடும் நீரில் சேர்க்கும் அந்தக் கருவியைப் பேச்சில் ‘ஹீட் பம்ப்’ என்கிறோம். இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் உரையாடலில் ‘வெப்பமூட்டி’, ‘வெப்பமேற்றி’, ‘வெப்ப எக்கி’ என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் கையேட்டில் மாற்றி மாற்றி இட்டுப் படித்துப் பார்த்த பிறகு, ‘வெப்ப இறைப்பி’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

‘வெப்பமூட்டி’ என்பது கம்பிச்சுருளைச் சூடாக்கும் சாதாரண மின்சார ஹீட்டருக்கு உரிய பெயர். அதற்கு 1 அலகு மின்சாரம் கொடுத்தால் 1 அலகு வெப்பம் கிடைக்கும். அதற்கு மேல் கிடைக்க வழியில்லை. நம் கருவியோ அதே 1 அலகு மின்சாரத்தைச் செலவிட்டு, வெளியில் ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தில் 2 அலகுகளையோ அதற்கு மேலோ உள்ளே கொண்டுவந்து, மொத்தம் 3 அல்லது 4 அலகு வெப்பத்தைத் தருகிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், வாங்குபவர் எதற்காக அதிக விலை கொடுக்கிறார் என்பதே அவருக்குப் புரியாமல் போகும்.

‘வெப்பமேற்றி’யை முன்மொழிந்த நண்பர், தண்ணீர் பம்பைக் குறிக்கும் ‘நீரேற்றி’யைச் சான்று காட்டினார். ஆனால் நீரை ஏற்றுவது என்றால் மேலே கொண்டுசெல்வது. சூட்டை ஏற்றுவது என்றாலோ சூடாக்குவது. ‘சூடேற்று’ என்ற வினை வழக்கில் இவ்வளவு வேரூன்றியிருக்கும்போது, ‘வெப்பமேற்றி’யைப் படிப்பவர் மீண்டும் ஹீட்டரைத்தான் நினைப்பார். ‘எக்கி’ பொருளால் சரியான சொல்தான். பம்பு என்ற பொருளில் அதை ஆள்பவர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் பொது வாசகரின் காதில் அது ‘எக்கி எடுத்தான்’ என்ற வினையெச்சமாகவே விழுகிறது என்பது என் கருத்து.

பெயர் இவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்தக் கருவியைப் பொருத்திய முதல் வாரம், வீட்டுக்காரர், சூடான நீர் உள்ளே ஓடி அறையை வெப்பமூட்டும் ரேடியேட்டரின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்து, “இது சுடவே இல்லையே, பழுதாக வந்துவிட்டது போலிருக்கிறது” என்றார். குழாயில் 38 டிகிரி நீர் ஓடிக்கொண்டிருந்தது. அறையும் 21 டிகிரியில் இதமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கையில் இருந்த தமிழ்க் குறிப்பில் கருவியின் பெயர் ‘வெப்பமூட்டி’ என்றிருந்தது. வெப்பமூட்டி என்றால் கை சுட வேண்டும் என்று நம்பினார். அவர் நீரின் வெப்பநிலையை 60 டிகிரிக்கு உயர்த்தினார், மின்கட்டணமும் கூடவே உயர்ந்தது.

‘இறைத்தல்’ என்ற வினை இந்தக் குழப்பத்துக்கு இடம் தருவதில்லை. கிணற்றில் நீர் இறைப்பவர் நீரை உண்டாக்குவதில்லை, தாழ்ந்த இடத்தில் கிடப்பதை மேலே கொண்டுவருகிறார். கிணறு ஆழமாக ஆழமாக, ஒரு வாளி நீருக்கு ஆகும் உழைப்பும் கூடுகிறது. நம் கருவியின் இயற்பியலும் இதுவே. வெளியே 0 டிகிரி இருக்கும்போது நீரை 35 டிகிரிக்குக் கொண்டுவர, கோட்பாட்டளவில் 1 அலகு மின்சாரத்துக்கு 8.8 அலகு வெப்பம் வரை பெறலாம்; 55 டிகிரிக்கு என்றால் அந்த எல்லை ஏறத்தாழ 6 அலகாகக் குறைந்துவிடும். நடைமுறைக் கருவிகள் இதில் பாதியை எட்டினாலே நல்லது என்றாலும், நீரை அதிகம் சூடாக்கினால் கிடைக்கும் பயன் குறையும் என்பது மாறாது. வெப்பத்தை இவ்வாறு தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு நகர்த்தி வீட்டைச் சூடாக்கலாம் என்று இயற்பியலாளர் கெல்வின் பிரபு 1852-லேயே எடுத்துரைத்தார். 1938-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மன்றக் கட்டடத்துக்கு லிம்மாத் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தை எடுத்தார்கள். ‘ஆற்றிலிருந்து வெப்பத்தை இறைத்தார்கள்’ என்று அதை எழுதிப் பாருங்கள்; வாக்கியம் தடையின்றி ஓடுகிறது.

இச்சொல்லுக்கு எதிராக இரண்டு தடைகளை நானே சொல்ல வேண்டும். ‘வாரி இறைத்தல்’ என்னும்போது வீணாகச் சிதறுதல் என்ற பொருளும் இந்த வினைக்கு உண்டு. ஆனால் அப்பொருள் ‘வாரி’ போன்ற துணையோடு வரும்போதுதான் மேலோங்குகிறது. கருவிப்பெயரில் அது தலைகாட்டாது. இரண்டாவது தடை புணர்ச்சி. சேர்த்து எழுதினால் ‘வெப்பவிறைப்பி’ என்றாகி, குளிரில் விறைப்பதை நினைவூட்டிவிடும். ஆகவே இதை எப்போதும் இடைவெளி விட்டே எழுத வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன்.

என்னை முழுமையாக இச்சொல்லின் பக்கம் இழுத்தது, இதிலிருந்து பிறக்கும் சொற்கள்தான். கருவி தரும் வெப்பத்துக்கும் உண்ணும் மின்சாரத்துக்கும் உள்ள விகிதத்தைச் ‘செயல்திறன் கெழு’ என்று எழுதி வந்தோம். திறன் எப்படி நூறு விழுக்காட்டைத் தாண்டும் என்று வாசகர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ‘இறைப்பு விகிதம்’ என்றால் அது 4 என்று இருப்பதில் வியப்பே இல்லை. அதேபோல, வெளியிலுள்ள வெப்பநிலைக்கும் குழாய் நீரின் வெப்பநிலைக்கும் இடையிலான வேறுபாட்டை ‘இறைப்பு உயரம்’ எனலாம். இறைப்பு உயரத்தைக் குறைத்தால் விகிதம் கூடும் என்ற ஒரே வாக்கியத்தில், 35 டிகிரி நீரே போதுமான தரையடி வெப்பமூட்டலையோ பரப்பளவு கூடிய ரேடியேட்டர்களையோ ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும், வீட்டின் வெப்ப இழப்பை அறைவாரியாகக் கணக்கிட்ட பிறகே கருவியின் அளவை முடிவு செய்ய வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

கருவியிலிருந்து புறப்படும் நீருக்குச் ‘செல்நீர்’ என்றும் திரும்பி வருவதற்கு ‘மீள்நீர்’ என்றும் வைத்துக்கொள்ளலாம். பொருத்துநர் இரண்டு குழாய்களிலும் இந்தப் பெயர்களை ஒட்டிவிட்டால், பின்னாளில் பழுது பார்க்க வருபவருக்கும் குழப்பம் இராது. எரிவாயுக் கொதிகலனுக்கும் இவை பொருந்தும். புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அந்த வெப்பத்தையும் மீட்கும் கொதிகலன் வகையில், மீள்நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்தப் பயன் கிடைக்கும். ரேடியேட்டர் அறைக்குத் தரும் வெப்பத்தில் பெரும்பகுதி காற்றோட்டத்தின் வழியே செல்வதால், ‘கதிர்வீசி’ என்று மாற்றத் தேவையில்லை. ரேடியேட்டர் அப்படியே இருக்கட்டும்.

எஞ்சியிருப்பது, கருவிக்குள் ஆவியாகியும் மீண்டும் நீர்மமாகியும் சுற்றிவரும் பொருளின் பெயர். அதைக் ‘குளிரூட்டி’ என்று எழுதியிருக்கிறோம். வீட்டைச் சூடாக்கும் கருவியில் குளிரூட்டி கசிகிறது என்று கையேட்டில் எழுதினால் படிப்பவர் திகைப்பார். ஏசியையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். இதற்குக் ‘கொதிபாய்மம்’ (பாய்மம் என்றால் பாயும் தன்மையுள்ள நீர்மமோ வாயுவோ) என்ற சொல்லைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். வீட்டுக் கொதிகலனில் நீர் கொதிப்பதே இல்லை, சூடாக மட்டுமே செய்கிறது. இங்கேதான் உண்மையிலேயே ஒன்று கொதிக்கிறது: இப்போது பல கருவிகளில் பயன்படும் புரோப்பேன் இயல்பான காற்றழுத்தத்தில் −42 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால்தான், பனி உறைந்த காற்றிலிருந்தும் நம்மால் வெப்பத்தை இறைக்க முடிகிறது.

அன்புடன்.