ரீவி மூலையில லோகோ நிழல் நிக்குது, அவசரம்

கடை06: ரீவியில வலது மேல் மூலையில நியூஸ் செனல் லோகோ நிழலா நிக்குது. செனல் மாத்தினாலும் போகுதில்ல. கொழும்புக் கடற்கரையோரம், வெள்ளவத்தையில கடைக்குள்ள பூட்டினது. திரைப் பெனல் போச்சா? நாளைக்கு ரிப்பேர் ஆள் வாறார், அதுக்குள்ள சொல்லுங்க.

பியூஸ்வயர்: திரை ஓஎல்ஈடியா எல்சிடியா? எத்தனை வருஷம்? நாளுக்கு எத்தனை மணித்தியாலம் ஓடுது?

மரைன்டிரைவ்: கேக்கவே தேவையில்ல, உப்புக் காத்துதான். பின்கவரைக் கழட்டிப் பாருங்க, போர்ட் பச்சை பூத்திருக்கும்.

ஈயக்கம்பி: உப்புக் காத்து லோகோ வடிவத்திலயா அரிக்கும்? அது கனெக்டரைத்தான் பிடிக்கும். அப்ப திரையில கோடு விழும், இல்லாட்டி பாதி இருளும்.

மூத்தவன்: மாசத்துக்கு ஒருக்கா இதே கேள்வி. மேல இருக்கிற தேடல் பெட்டி அழகுக்கு வைச்சதில்ல. எல்சிடி எண்டா அது பெரும்பாலும் தற்காலிக நிழல், சில மணித்தியாலம் வேற படம் ஓடினாப் போயிடும். எல்சிடியில பெரும்பாலும் முதல்ல சாகிறது திரைக்குப் பின்னால வெளிச்சம் குடுக்கிற பின்லைட். எல்ஈடிகள் தொடரா இணைச்சிருக்கு, ஒண்டு திறந்தா அந்த வரிசை முழுக்க அணையும். சத்தம் வந்து படம் வராட்டி இருட்டில டோர்ச் அடிச்சுப் பாருங்க, மங்கலாப் படம் தெரிஞ்சா பெனல் நல்லம். ஓஎல்ஈடியில அப்பிடி இல்ல, ஒவ்வொரு பிக்சலும், அதாவது திரைப் புள்ளியும், தானே எரியுது, கூட எரிஞ்சது கூடத் தேயும்.

பியூஸ்வயர்: அவர் எது எண்டு இன்னும் சொல்லேல்ல ஐயா.

கடை06: ஓஎல்ஈடி. 2 வருஷம். காலை 9ல இருந்து இரவு 9 வரை, விவிட் மோட் (கூடின வெளிச்சம்). பூட்டிப் போகேக்க சுவர் சுவிட்சையும் நிப்பாட்டுறனாங்க.

ஈயக்கம்பி: அந்தச் சுவர் சுவிட்ச்தான். பல மொடல்ல மொத்தம் 4 மணித்தியாலம் ஓடினாப் பிறகு, ரிமோட்டால அணைக்கேக்க ரீவி ஸ்டான்ட்பையில (திரை அணைஞ்சு கரண்ட் மட்டும் இருக்கேக்க) பிக்சல் தேய்மானத்தை அளந்து சரிக்கட்டும். கரண்ட் இல்லாட்டி அது நடக்காது. 2 வருஷமா ஒரு நாளும் நடந்திருக்காது!
இப்ப முழுச் சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் திரை போட்டுப் பாருங்க. லோகோ சிவப்பு எண்டா சிவப்புத் திரையில அந்த இடம் கருமையாத் தெரியும். பிறகு செட்டிங்ஸ்ல பிக்சல் ரிஃப்ரெஷ் (நாங்களே ஓட்டுற முழுச் சரிக்கட்டல்) ஒருக்கா ஓட்டுங்க, 1 மணித்தியாலம் போகும். நடுவில பிளக்கில கை வைக்காதீங்க. கிழமைக்குக் கிழமை ஓட்டவும் வேண்டாம், அதுவும் தேய்மானந்தான். விவிட்டை விட்டு சினிமா மோடுக்கு வாங்க, ஓஎல்ஈடி லைட்டை (திரை வெளிச்சம்) 40 அளவுக்கு இறக்குங்க, லோகோ மங்கவைக்கிற செட்டிங் இருந்தா உச்சத்தில வையுங்க.

மரைன்டிரைவ்: இரவு முழுக்க பிளக்கை விட்டா இடி விழேக்க ஆர் பொறுப்பு? ஏப்ரல், ஒக்டோபர் பின்னேர இடி தெரியாதா? பில்லும் ஏறும்.

பியூஸ்வயர்: ஸ்டான்ட்பை 0.5 வாட் எண்டா வருஷத்துக்கு 4.4 யூனிட். அதுக்கா சண்டை?

மூத்தவன்: இடி அன்ரெனா வயராலயும் வரும். பிளக்கை மட்டும் கழட்டிப்போட்டு நிம்மதியா நித்திரை கொள்ளுறவையைப் பாத்தாச் சிரிப்பு வருது.

ஈயக்கம்பி: ரிமோட்டால அணைச்சு, கடைக் கணக்குப் பாத்து முடிச்சு, 15 நிமிஷத்துக்குப் பிறகு சுவிட்சை நிப்பாட்டுங்க. ரெண்டும் சரி.

மரைன்டிரைவ்: 15 நிமிஷத்தில இடி விழாதாக்கும்.

கடை06: ஓட்டினன். சிவப்பில இன்னும் லேசா இருக்கு, நியூஸில தெரியேல்ல. ஆளை வரவேண்டாம் எண்டிட்டன். நன்றி.

மூத்தவன்: அன்ரெனாவைக் கழட்டினீங்களா?