பெறுகைத் தரவில் 'ரெட் ஃப்ளாக்': தமிழில் என்ன?

கைநூல் மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை:
நண்பர்களே, அவசரம். திறந்த தரவை (யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடப்படும் தரவை) வைத்து அரச பெறுகைகளை, அதாவது அரசு பொருளும் வேலையும் வாங்குவதை, கண்காணிக்க இளைஞர்களைப் பழக்கும் பட்டறைக்கான கைநூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறேன். கேள்விப்பத்திரத்துக்கு ஒரேயொருவர் விண்ணப்பித்திருப்பார். பெரிய வேலையைத் துண்டாடி, ஒவ்வொரு துண்டையும் மேலிடத்து அனுமதி தேவைப்படும் தொகை எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்தியிருப்பார்கள். விளம்பரம் வந்த மூன்றாம் நாளே முடிவுத் திகதியாக இருக்கும். ஊழலோ என்று சந்தேகிக்க வைக்கும் இப்படியான அடையாளங்களை ஆங்கிலத்தில் ரெட் ஃப்ளாக் என்கிறார்கள். வரைவில் 'செங்கொடி' என்று போட்டிருக்கிறேன்.

ஆசிரியை, ஹட்டன்:
செங்கொடி வேண்டவே வேண்டாம். மலையகத்தில் அது தொழிற்சங்கத்தின் பெயர். மே தினத்துக்கு ஆள் சேர்க்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை:
நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? 'விரிச்சி' இருக்கிறதே! தற்செயலாகக் காதில் விழும் சொல்லை நிமித்தமாகக் கொள்வது. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவிக் கைதொழுது நின்று கேட்பது அதைத்தான். 'விளி'யோடு உறவுள்ள சொல் என்பது என் துணிபு. ளகரம் ரகரமானதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன். அதுவும் பிடிக்காவிட்டால் 'உன்னம்'. அந்த மரம் தழைத்தால் வெற்றி, வாடினால் தோல்வி.

மென்பொருள் பொறியியலாளர், தெகிவளை:
ஐயா, தனி மடல் வேண்டாம். எக்செல் அட்டவணையில் ஒரு நிரலுக்குத் தலைப்பு வேண்டும், அவ்வளவுதான். விரிச்சி என்று போட்டால் பெடியங்கள் அது ஏதோ தோல் வியாதி என்பார்கள். 'எச்சரிக்கை' போதாதா?

சட்டத்தரணி, புதுக்கடை:
எச்சரிக்கை யாருக்கு? ஒப்பந்தக்காரருக்கா? எந்தச் சொல்லை எடுத்தாலும் குற்றம் நிரூபணமானது போல அது ஒலிக்கக் கூடாது. அந்த இயந்திரத்தை விற்பவர் நாட்டில் ஒருவர்தான் என்றால் விண்ணப்பமும் ஒன்றுதான் வரும். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழலுக்கெதிரான சட்டத்தில், பொய்யென்று தெரிந்தே குற்றஞ்சாட்டுவதும் குற்றம். அட்டவணையில் ஒன்று கண்ணில் பட்டதும் பிள்ளைகள் முகநூலுக்கு ஓடக் கூடாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கையைக் கேட்கட்டும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லவேண்டும். இந்தப் பொறுமை சொல்லுக்குள்ளேயே இருந்தால் நல்லது. 'ஊழற்குறி' என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள்.

பல்கலைக்கழக மாணவி, கொழும்பு:
அப்படியென்றால் 'ஐயக்குறி'? இலக்கணத்தில் ஐயத்துக்கு எடுத்துக்காட்டே 'குற்றிகொல்லோ மகன்கொல்லோ' என்பதுதானே. தூரத்தில் நிற்பது மரக்கட்டையா ஆளா என்று கிட்டப் போனால்தான் தெரியும். சட்டத்தரணி அக்கா கேட்கும் பொறுமை இதில் வருகிறது.

வாசகர், சென்னை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கேள்விப்பத்திரம் என்றால் வினாத்தாளா?

கைநூல் மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை:
உங்கள் ஊர் ஒப்பந்தப்புள்ளிதான் அது. ஏலம் 'கேட்பது' போல. எல்லோரும் டெண்டர் என்றே சொல்வோம், அது வேறு கதை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை:
ஐயம் என்றால் பிச்சையும்தான். 'ஐயமிட்டு உண்' என்று பாலர் வகுப்பில் படிக்கவில்லையா? கையூட்டைத் தேடும் கைநூலில் பிச்சைக்குறி! பொருத்தம்தான் போங்கள்.

மென்பொருள் பொறியியலாளர், தெகிவளை:
நிரலின் அகலத்துக்குள் அடங்குகிறது. எனக்குச் சம்மதம்.

ஆசிரியை, ஹட்டன்:
எனக்கும் சரி. ஆனால் முதல் தடவை வரும் இடத்தில் 'ரெட் ஃப்ளாக்' என்பதையும் பக்கத்தில் போடுங்கள். பிள்ளைகள் யூடியூபில் தேடப்போவது அதைத்தான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை:
பக்கத்தில் ஆங்கிலத்தை நிறுத்தினால் தமிழ்ச் சொல்லை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பெரும்பான்மை வெல்லட்டும். என் மறுப்பைக் குறித்துக்கொள்க. விரிச்சி மடல் நாளை வரும்.

கைநூல் மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை:
குறித்துக்கொண்டேன் ஐயா. ஐயக்குறி, முதல் தடவை மட்டும் ரெட் ஃப்ளாக்கோடு. அடுத்தது: விண்ணப்பதாரர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி, இந்தமுறை யாருக்கு என்று விலையைத் தீர்மானிப்பதற்கு ஒரு சொல் வேண்டும். இன்று இரவுக்குள்.