வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று: தோட்டக்காரரைக் கேட்கலாமா?

புத்தூரான்:
யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. அதன் வலிகாமப் பகுதியில் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் அதே மழைநீரைத்தான். அதன்மேல் இருப்பது மெல்லிய செம்மண். வெங்காயப் பாத்திக்கு யூரியாவைத் தூவி நீர் பாய்ச்சினால், பயிர் எடுக்காத நைதரசன் நைத்திரேற்றாகிக் கிணற்றுக்குள் இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை லீட்டருக்கு 50 மில்லிகிராம். அதை மீறிய கிணறுகள் இங்கே உண்டென்று 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். இன்னும் எவ்வளவு காலத்துக்கு இதைப் பேசாமல் இருப்பது?

செம்மண்காரன்:
2021 மறந்துவிட்டதா? மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரே வர்த்தமானி அறிவிப்பில் நிறுத்தியது. நவம்பரில் தடையை நீக்கியபோது மாரிகால நெற்செய்கையான பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் சரிந்தது, நாடு அரிசியை இறக்குமதி செய்தது. அடிபட்டவன் கமக்காரன். நகரத்தில் கிணற்றை ஒட்டியே மலசலகூடக் குழி வெட்டியிருக்கிறார்களே, அந்த நைத்திரேற்றுக்கும் நாங்களா பொறுப்பு?

புத்தூரான்:
நகரத்தில் குழிகளுக்குப் பெரும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. சுற்றிவர வீடே இல்லாத தோட்டக் கிணற்றுக்கு என்ன சொல்வீர்கள்? 2021இன் தடை கொடுமை. நான் தடை கேட்கவில்லை. உரத்தை அளந்து, பயிர் எடுக்கும் பருவம் பார்த்துப் பிரித்து இடுங்கள் என்கிறேன். நீரைக் கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாவதால் செறிவுதான் கூடும். அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். உயிருக்கே ஆபத்து.

கோண்டாவில் வாசகர்:
முன்பு தோட்டத்தில் பூவரசங்குழை தாழ்த்தினார்கள். வேலியில் வளர்ந்ததே பசளையானது. அதற்குத் திரும்பலாமே?

செம்மண்காரன்:
குழை வெட்ட ஆள் எங்கே ஐயா? மாட்டெருவை அளவு மீறிக் கொட்டினாலும் அதுவும் நைத்திரேற்றாகத்தான் இறங்கும். சேதனப் பசளை (இயற்கை உரம்) என்ற பெயர் கிணற்றைக் காப்பாற்றாது. என் மண்ணைப் பரிசோதித்து எவ்வளவு போதுமென்று சொல்லட்டும், குறைக்கிறேன். விளைச்சல் விழுந்தால் கடனை யார் கட்டுவது?

புத்தூரான்:
நியாயமான கேள்வி. அந்த இழப்பைத் தோட்டக்காரர் தலையில் மட்டும் கட்டக்கூடாது. உர மானியத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை மண், கிணற்று நீர்ப் பரிசோதனைக்கு ஒதுக்கச் சொல்லி நீங்களும் நானும் சேர்ந்தே கேட்கலாம். உர அளவில் உங்களோடு இன்னும் உடன்படவில்லை. ஆனால் பரிசோதிக்காத தோட்டக் கிணற்று நீரில் எந்தக் குழந்தைக்கும் பால் கரைக்க வேண்டாம் என்பதையாவது உங்கள் அயலாருக்குச் சொல்லுங்கள்.