கைரேகை இல்லாத காலத்தில் வாஷேயை எப்படிப் பிடித்தார்கள்?

காட்பாடி_மாணவி:
தடய அறிவியல் படிக்கிறேன். செமினாருக்கு எனக்கு விழுந்தது பிரான்ஸ் நாட்டு ஜோசப் வாஷே வழக்கு. ஊர் ஊராகத் திரிந்து 11 கொலை செய்ததாக ஒப்புக்கொண்டவன். எந்தத் தடயம் அவனைக் காட்டிக் கொடுத்தது?

வேலூர்_தம்பி:
லியோன் சட்ட மருத்துவப் பேராசிரியர் லக்கசான்யுவைப் படிங்க. 1889லேயே தோட்டாவின் கீறல்களைத் துப்பாக்கிக் குழலோடு ஒப்பிட்டவர். அவர்தான் பிடிச்சார்.

முன்னாள்_ரைட்டர்_ஆம்பூர்:
இல்லை தம்பி. லக்கசான்யு வந்தது ஆள் சிக்கிய பிறகு, வாஷேக்கு நிஜமாகவே பைத்தியமா, நடிப்பா என்று பார்த்துச் சொல்ல. நடிப்பு என்றார், 1898 டிசம்பர் 31ல் வாஷேயின் தலை போனது.

பிடித்துக் கொடுத்தது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட தாள்ம்மா. எமில் ஃபூர்க்கே என்ற விசாரணை நீதிபதி 1897ல் பெல்லே ஊருக்கு வந்தார். பல ஊர்களில் தூங்கிய கேஸ் கட்டுகளை வரவழைத்து இரண்டு அட்டவணை போட்டார். ஒன்றில் காயம் எங்கே, உடல் எப்படிக் கிடந்தது. மற்றதில் சாட்சிகள் பார்த்த நாடோடியின் அங்க அடையாளம். கட்டங்கள் நிரம்பியதும் ஒரே ஆள் தெரிந்தான். அடையாளத்தை மற்ற ஊர்களுக்கு அனுப்பினார். ஒரு பெண்ணைத் தாக்கிய கேஸில் வாஷே ஏற்கெனவே உள்ளே இருந்தான். தன்னையே சுட்டுக்கொண்டதில் ஒரு பக்கம் இழுத்துப்போன முகம், மறைக்க முடியுமா?

நான் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவன். பாலாற்றுக்கு இக்கரை எங்கள் லிமிட், அக்கரை வேறு ஸ்டேஷன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓட்டைப் பிரித்து இறங்கிய திருட்டு. அது எனக்குத் தெரிந்தது ஏழு மாசம் கழித்து, டீக்கடையில், அக்கரை ரைட்டர் வாயால். ஃபூர்க்கேயை நினைத்தால் பொறாமையாக இருக்கும்.

காட்பாடி_மாணவி:
நன்றி ஐயா! அப்போது கைரேகை இருந்திருந்தால் சீக்கிரம் சிக்கியிருப்பானா?

முன்னாள்_ரைட்டர்_ஆம்பூர்:
அதே 1897ல்தான் கல்கத்தாவில் ரேகைப் பிரிவே தொடங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க அவன் ரேகை முன்னமே எங்காவது பதிவாகியிருக்க வேண்டுமே. பதிவு பண்ணப் போனாலும் ரேகை கிடைக்காமல் போகலாம். இங்கே தோல் பதனிடும் டேனரியில், ரேகையைத் தேய்த்துவிடும் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்த ஒருவருக்கு மை தடவி, இந்த நகத்தோரத்திலிருந்து அந்த நகத்தோரம் வரை விரலை உருட்டினேன். பத்து விரலும் வெறும் கறுப்புத் திட்டு, ஒரு கோடு இல்லை. ஏட்டையா என்னைத்தான் திட்டினார், மை அதிகமாம். அந்த மனுஷன் மூணு வாரம் வேலைக்குப் போகாமல் இருந்து திரும்பி வந்தபோது கோடு முளைத்திருந்தது.