ஏரிக்கரையில் நிற்கிறாளே, அவள் உண்மையிலேயே அங்கே இருக்கிறாளா? (தி இன்னசென்ட்ஸ், 1961)

சந்தேகப் பிராணி:

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது, பேய்ப் படத்தில் மட்டும் உண்டு. படம் ஓடுகிற வரை நம்புவேன், விளக்கைப் போட்டதும் விட்டுவிடுவேன். கதவு தானாகத் திறந்தால் "ஆரம்பிச்சுட்டாங்கய்யா" என்று போனை எடுத்துவிடுகிற ஆள். அப்படிப்பட்டவனை அறுபது வருடத்துக்கும் மேல் பழைய ஒரு கறுப்பு வெள்ளைப் படம் படுத்தி எடுக்கிறது.

படம் ஜாக் கிளேட்டன் இயக்கிய 'தி இன்னசென்ட்ஸ்'. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து. கிராமப்புறத்தில் பிளை என்று ஒரு பெரிய மாளிகை. அதில் தாய் தகப்பன் இல்லாத இரண்டு குழந்தைகள், மைல்ஸ், ஃப்ளோரா. லண்டனில் இருக்கிற சித்தப்பாவுக்கு இவர்களோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லை, அதனால் வீட்டோடு தங்கிப் பாடம் சொல்ல ஓர் ஆசிரியையை அனுப்பி வைக்கிறார். டெபோரா கெர்தான் அந்த ஆசிரியை. அவருக்கு முன்னால் இருந்த மிஸ் ஜெசல் இறந்துவிட்டாள். அந்த வீட்டு வேலையாள் பீட்டர் குயின்ட்டும் இறந்துவிட்டான். ஆனால் இரண்டு பேரும் இவர் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

இனிமேல் கதையை முழுக்கப் பேசப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் இங்கேயே கழன்றுகொள்ளவும்.

என்னைப் படுத்துவது அந்த ஏரிக் காட்சி. பட்டப்பகல். அக்கரையில் நாணல் புதருக்கு நடுவே கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்கிறாள். அவ்வளவுதான். அவள் ஓடி வரவில்லை, வாயைப் பிளக்கவில்லை, தலையைத் திருப்பவில்லை. இதற்கு எதற்கு எனக்குக் குடல் நடுங்க வேண்டும்?

அப்புறம் இன்னொரு விஷயம். என்னோடு பார்த்த தம்பி, "எல்லாம் அந்த அம்மாவோட மனசுதான், பேயும் இல்லை ஒன்றும் இல்லை" என்று அடித்துச் சொல்கிறான். பேயை நம்பாத நான், பேய் இருக்கிறது என்று அவனிடம் வாதாடிக்கொண்டிருக்கிறேன். யாராவது பஞ்சாயத்து பண்ணுங்கள். இதே ரகத்தில் அடுத்து என்ன பார்க்கலாம் என்றும் சொன்னால் நல்லது. ரத்தம் வேண்டாம், பேயோட்டுகிற பாதிரியார் வேண்டாம். ஒரு பழைய மாளிகை இருந்தால் போதும்.

பழைய ரீல்:

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன், பஞ்சாயத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். நாடக மேடைக்கு லைட் போடுவது என் தொழில். எந்தப் படம் பார்த்தாலும் கதை எனக்கு அப்புறம்தான், விளக்கை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் கண் தேடும்.

இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ். சினிமாஸ்கோப் என்கிற அகலத் திரை முறையில்தான் எடுக்க வேண்டும் என்று ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் பிடிவாதமாகச் சொல்லிவிட்டது. கிளேட்டனுக்கு அதில் இஷ்டமே இல்லை. நியாயம்தானே! போர்க்களத்துக்கும் பாலைவனத்துக்கும் அந்த அகலம் சரி. ஒரு பெண் கையில் மெழுகுவர்த்தியோடு தாழ்வாரத்தில் நடந்து போகிறாள், அவளுக்கு இரண்டு பக்கமும் கிடக்கிற காலி இடத்தை என்ன செய்வது?

ஃபிரான்சிஸ் ஒரு வேலை செய்தார். கேமராவுக்கு முன் வைக்கிற ஃபில்டரின் ஓரங்களில் கையால் வண்ணம் தீட்டி, படத்தின் இரண்டு விளிம்பையும் இருட்டாக்கிவிட்டார். நடுவில் வெளிச்சம், ஓரத்துக்குப் போகப் போக இருட்டு. அகலத்தைக் குறைக்கிற வேலைதான் அது, ஆனால் பலன் வேறு மாதிரி வந்துவிட்டது. ஓரம் வெறுமையாக இருந்தால் நாம் கண்டுகொள்ள மாட்டோம். இருட்டாக இருப்பதால் அங்கே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். படம் முழுக்க உங்கள் கழுத்து ஓரங்களுக்குத் திரும்பிக்கொண்டே இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, பக்கத்தில் இருக்கிற முகமும் தூரத்தில் இருக்கிற உருவமும் ஒரே நேரத்தில் துல்லியமாகத் தெரியும். அதற்கு லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்க வேண்டும், துவாரம் சிறிதானால் செட்டில் வெளிச்சத்தை அள்ளிக் கொட்ட வேண்டும். இருட்டைக் காட்டுவதற்கு இவ்வளவு விளக்கு! மெழுகுவர்த்திகூடச் சாதாரணமானது இல்லை, சுடர் பெரிதாக எரிய ஒன்றிலேயே நாலைந்து திரி வைத்துத் தனியாகச் செய்தார்கள். அடுத்த தடவை பார்க்கும்போது சுடரின் பருமனைக் கவனியுங்கள்.

இப்போது ஏரி. வீட்டுக்குள் நடப்பதெல்லாம் ஷெப்பர்டன் ஸ்டுடியோ செட். வெளியே நடப்பது சசெக்ஸில் இருக்கிற ஷெஃபீல்ட் பார்க் எஸ்டேட், அதனால் அது நிஜ வெயில். மிஸ் ஜெசலுக்கென்று தனியாக ஒரு விளக்கு கிடையாது, புகை கிடையாது, ஒரு படத்தின் மேல் இன்னொன்றைப் பதித்து உருவத்தை ஊடுருவித் தெரிய வைக்கிற டபுள் எக்ஸ்போஷர் கிடையாது. நாணல் மேல் என்ன வெளிச்சம் விழுகிறதோ அதே வெளிச்சம்தான் அவள் மேலும். பேய்க்கென்று தனி ஒளி கொடுத்தால், "சரி, இது பேய்" என்று மனசு ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடும். இங்கே அப்படி மூட முடியவில்லை. அவளும் அந்த இடத்துப் பொருள்களில் ஒன்றாக நிற்கிறாள். உங்கள் குடல் நடுங்கியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜிம் கிளார்க்கின் எடிட்டிங்கையும் சொல்ல வேண்டும். ஒரு காட்சி மறைந்து அடுத்தது வருகிற இடங்களில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வெகுநேரம் தங்கும். எது போய்விட்டது, எது இன்னும் இருக்கிறது என்று தெரியாத நிலை. பேய்ப் படத்துக்கு வேறென்ன வேண்டும்?

இடைவேளை:

பாதியில் தூங்கிவிட்டேன். முக்கால்வாசி நேரம் அந்த அம்மா மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். அவ்வளவு பயம் என்றால் ராத்திரி அறையைவிட்டு ஏன் வெளியே வர வேண்டும்?

வரிக்கு வரி:

இடைவேளை, பயந்தவர்கள் அறைக்குள்ளேயே இருந்துவிட்டால் உலகத்தில் ஒரு பேய்ப் படமும் எடுக்க முடியாது.

சந்தேகப் பிராணி, உங்கள் பஞ்சாயத்துக்கு வருகிறேன். நான் உங்கள் தம்பி பக்கம்.

இந்தச் சண்டை படத்தைவிட வயதில் மூத்தது. மூலக்கதை ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய குறுநாவல், 'தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ'. பேய்கள் இல்லை, எல்லாம் அந்த ஆசிரியையின் அடக்கி வைத்த மனம் கிளப்புகிற பூதம் என்று அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1934இல் ஒரு கட்டுரை எழுதினார். அன்றிலிருந்து படித்தவர்கள் இரண்டு கட்சி.

புத்தகத்தில் பேய்க் கட்சியின் கையில் ஒரு பலமான துருப்புச்சீட்டு இருக்கிறது. குயின்ட் என்று ஒருவன் இருந்ததே ஆசிரியைக்குத் தெரியாது, அவன் படத்தையும் பார்த்ததில்லை. ஆனால் தான் ஜன்னலில் கண்ட ஆளின் தலைமுடி, முகம் எல்லாவற்றையும் வீட்டை நிர்வகிக்கிற மிஸஸ் குரோஸிடம் வர்ணிக்கிறாள். அந்த அம்மாள் கேட்டுவிட்டு, அது செத்துப்போன குயின்ட் என்று அடையாளம் சொல்கிறாள். வெறும் மனப்பிரமை என்றால் இது எப்படி நடக்கும்?

படத்தில் என்ன செய்திருக்கிறார்கள் பாருங்கள். கண்ணாமூச்சி விளையாடுகிறபோது கெர் பரண் அறைக்குப் போகிறார் இல்லையா? அங்கே ஒரு இசைப்பெட்டிக்குள் கீறல் விழுந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆணின் படம் கிடைக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் ஜன்னல் கண்ணாடியில் குயின்ட்டின் முகம் வருகிறது. அதற்கு முன்னால் கோபுரத்தின் மேல் ஓர் உருவத்தைப் பார்க்கிறார், உண்மைதான். ஆனால் கண்ணில் வெயில் அடிக்க, முகம் சரியாகத் தெரியாமல் பார்க்கிறார். ஆக, முகம் எங்கிருந்து வந்தது? பரணிலிருந்து வந்தது. ஒரே ஒரு பொருளை ஒரே ஒரு காட்சி முன்னால் வைத்து, புத்தகத்தின் துருப்புச்சீட்டைப் பிடுங்கிவிட்டார்கள். திரைக்கதை வில்லியம் ஆர்ச்சிபால்டும் ட்ரூமன் கபோட்டியும் எழுதியது. யாருடைய யோசனையாக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆரம்பத்தில் வேலைக்கு எடுக்கிறபோது சித்தப்பா கேட்கிற கேள்வியையும் மறந்துவிடாதீர்கள். உனக்குக் கற்பனை உண்டா என்று கேட்கிறார். குழந்தைக்குப் பாடம் சொல்ல வருகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? இவரும் சந்தோஷமாக ஆமாம் என்கிறார். புத்தகத்தில் அந்தப் பெண்ணுக்கு இருபது வயது. படம் எடுக்கும்போது கெர் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். முதன்முதலாகத் தனக்கென்று ஒரு வீடும் குழந்தைகளும் கிடைத்த நாற்பது வயதுக்காரியின் பதற்றம் வேறு வகை. அந்த முகத்தைப் பார்த்தால் அவர் குழந்தைகளைப் பேயிடமிருந்து காப்பாற்றுகிறாரா, இல்லை பேயைக் குழந்தைகளிடம் கொண்டு வருகிறாரா என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

சந்தேகப் பிராணி:

பரண் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, தம்பியிடம் சொல்லவும் போவதில்லை. ஆனால் கண்ணீரை என்ன செய்வீர்கள்? பாட அறையில் மிஸ் ஜெசல் மேஜையில் உட்கார்ந்து அழுகிறாள். கெர் கிட்டே போனதும் காணோம். மேஜையில் ஒரு சொட்டு ஈரம் இருக்கிறது. அவர் விரலால் தொட்டுப் பார்க்கிறார், நமக்கும் காட்டுகிறார்கள். கற்பனைக்குக் கண்ணீர் வருமா?

வரிக்கு வரி:

அந்தச் சொட்டு எனக்குத் தொண்டையில் மாட்டிய முள். அறையில் அவர் மட்டும்தான் இருக்கிறார், வேறு சாட்சி இல்லை என்று தப்பிக்கலாம். பெரும்பாலான இடங்களில் முதலில் கெரின் முகம் மாறுவதைக் காட்டிவிட்டு அப்புறம்தான் பேயைக் காட்டுகிறார்கள், அதனால் நாம் பார்ப்பதெல்லாம் அவர் பார்ப்பதுதான் என்றும் சொல்லலாம். இருந்தாலும் உங்களுக்கு இன்னொரு ஆயுதத்தை நானே தருகிறேன். கடைசியில் சிலைகளுக்கு நடுவே மைல்ஸ் விழுகிறபோது ஒரு உயரமான கோணம் வருகிறது, அதில் குயின்ட்டின் கை தெரிகிறது. அது கெர் நிற்கிற இடத்திலிருந்து பார்க்கிற பார்வை இல்லை. அப்படியானால் யார் பார்க்கிறார்கள்? இதற்கு என்னிடம் பதில் இல்லை, கட்சி மாறவும் மனம் இல்லை.

ஒலிப்பெட்டி:

எல்லோரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். காதுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

படம் தொடங்கும்போது திரை முழுக் கறுப்பு. ஃபாக்ஸ் நிறுவனத்தின் அடையாளச் சின்னம் வருவதற்கும் முன்னால் ஒரு பாட்டு மட்டும் கேட்கிறது. பிறகு ஃப்ளோரா அதே மெட்டை முணுமுணுக்கும்போது, அது எங்கோ ஏற்கெனவே கேட்டதாக நமக்குத் தோன்றுவது இதனால்தான். கோபுரக் காட்சியில் இன்னொன்று நடக்கிறது. தோட்டத்தில் பறவைச் சத்தம் நிறைந்து கிடக்கும், கெர் நிமிர்ந்து பார்க்கிற நேரம் அது அப்படியே வடிந்துவிடும். மற்ற படங்களில் பேய் வந்தால் இசை எகிறும், இங்கே இருந்த சத்தமும் போய்விடுகிறது. படத்தில் வருகிற எலக்ட்ரானிக் ஒலிகளில் டாஃப்னி ஓரமின் பங்கு உண்டு. எலக்ட்ரானிக் ஒலிகளை உருவாக்குவதற்கான பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் 1958இல் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் அவர். படத்தின் டைட்டிலில் அவர் பெயரைப் போடவில்லை, அது தனி வயிற்றெரிச்சல்.

அடுத்து பார்க்க வேண்டியது ராபர்ட் வைஸின் 'தி ஹாண்டிங்', 1963. ஷெர்லி ஜாக்சனின் நாவல். கதை நடப்பது அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில், ஆனால் வெளியே தெரிகிற மாளிகை இங்கிலாந்தின் வாரிக்‌ஷயரில் இருக்கிற எட்டிங்டன் பார்க். படம் முழுக்க ஒரு பேயைக்கூடக் காட்ட மாட்டார்கள். ராத்திரியில் சுவரை யாரோ இடித்துக்கொண்டே வருகிற சத்தம், கட்டிலில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்கள், அவ்வளவுதான் காட்சி. அந்தச் சத்தங்களை முன்கூட்டியே பதிவு செய்து, படப்பிடிப்பிலேயே போட்டுக் காட்டி நடிக்க வைத்தார் வைஸ். ஒரு மரக்கதவு மூச்சு விடுவதுபோல் உள்ளே புடைக்கும். அந்தப் பக்கம் ஒரு ஆளை நிறுத்தித் தள்ள வைத்த வேலைதான் அது. தெரிந்துகொண்டு பார்த்தாலும் பயமாகத்தான் இருக்கும். 1999இல் இதையே கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸோடு மறுபடி எடுத்தார்கள். எல்லாவற்றையும் காட்டிவிட்டதால் அதில் பயப்பட எதுவும் மிச்சம் இல்லை.

அது முடிந்ததும் அலெஹாந்த்ரோ அமெனாபாரின் 'தி அதர்ஸ்', 2001. 1945, போர் முடிந்த சமயம், ஜெர்சி தீவில் ஒரு மாளிகை. குழந்தைகளுக்கு வெளிச்சம் பட்டால் உடம்புக்கு ஆகாது, அதனால் எல்லா ஜன்னலிலும் திரை தொங்கும், ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்ததைத் திறக்கக் கூடாது. வீட்டின் நடைமுறையே பயமாக மாறிவிடுகிறது பாருங்கள். எடுத்தது ஸ்பெயினின் காந்தாப்ரியா பகுதியில். இசையும் இயக்குநரே. இந்தப் படத்தைப் பற்றி இணையத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் பாருங்கள்.

இடைவேளை:

பேயே வராத பேய்ப் படமா? சரி, அந்தக் கதவு வருகிற இடம் எத்தனையாவது நிமிடம் என்று சொல்லுங்கள், அங்கிருந்து பார்க்கிறேன்.

பழைய ரீல்:

சொல்ல மாட்டோம். முதலிலிருந்து உட்கார்ந்து பாருங்கள்.

'தி ஹாண்டிங்' பற்றி ஒரு சின்னச் சேர்க்கை. வைஸ் வழக்கத்தைவிட அகலமாகப் பிடிக்கிற 30 மில்லிமீட்டர் பானாவிஷன் லென்ஸ் வேண்டும் என்று கேட்டார். அது இன்னும் தயாராகவில்லை, ஓரங்கள் வளைந்து தெரியும் என்றார்கள். அவருக்கு வேண்டியதே அந்த வளைவுதான்! குறை தெரிந்தே வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார். சுவர்கள் லேசாகச் சாய்வதுபோல் உங்களுக்குத் தோன்றினால் டிவியைத் தட்டாதீர்கள்.

சந்தேகப் பிராணி:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை 'தி ஹாண்டிங்'. தம்பியையும் உட்கார வைக்கிறேன், இந்தத் தடவை யார் எந்தக் கட்சி என்று முன்னாலேயே எழுதி வாங்கிவிட்டு.

குயின்ட்டின் கை வருகிற காட்சியைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது எடிட்டரோட மனசு" என்கிறான். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?